ஏ பகுதியில் போன 37 நிமிடங்கள்: இணைந்த கணித வினாத்தாளும் ஒரு தோட்டத்துப் பிள்ளையும்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். அங்கிருந்து வந்து கணிதப் பிரிவில் படித்த மாணவி ஒருவர், முதல் தடவை உயர்தரம், அதாவது பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் பரீட்சை, எழுதியபோது இணைந்த கணிதத்துக்கு எஸ் எடுத்தார். சித்தியில் ஆகக் குறைந்த தரம் அது. பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் சி. வீட்டிலும் பாடசாலையிலும் இதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: "பிள்ளைக்குக் கணக்கு ஓடல." இரண்டாந்தரம் எழுத முடிவுசெய்து என் வகுப்புக்கு வந்தபோது அவருடைய கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். கணக்கு ஓடாத பிள்ளையின் கொப்பி அப்படி இருக்காது. தொகையீட்டில் நான்கைந்து விதமான பிரதியீடுகள், சிக்கலெண்கள், வட்டங்கள் என்று எல்லாவற்றிலும் கடைசி வரி வரை போய் முடித்த கணக்குகள். விடைகள் பெரும்பாலும் சரி. இந்தப் பிள்ளை எப்படி எஸ் எடுத்தார் என்பதுதான் எங்கள் முன்னால் இருந்த கேள்வி.

அவருடைய பெயரும் பாடசாலையும் இங்கே தேவையில்லை. மலையகத்தில் தமிழ் மொழிமூலம் உயர்தரக் கணிதம் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய கதை இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வினாத்தாளின் கணக்கு

இணைந்த கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மணித்தியாலம், அதற்கு முன் 10 நிமிடம் மேலதிக வாசிப்பு நேரம். ஏ பகுதியில் 10 வினாக்கள், பத்துக்கும் விடை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பி பகுதியில் 7 வினாக்கள், அவற்றில் 5 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. ஆக 250உம் 750உம், மொத்தம் 1000. இரண்டு வினாத்தாளையும் கூட்டி 20ஆல் வகுத்தால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும்.

இதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அடுத்த படியைத்தான் யாரும் செய்து பார்ப்பதில்லை. 180 நிமிடத்தைப் புள்ளிகளின்படி பிரித்தால் ஏ பகுதி முழுவதற்கும் 45 நிமிடம்தான் வரும். ஒரு சிறுவினாவுக்கு நாலரை நிமிடம், ஒரு பெருவினாவுக்கு 27 நிமிடம். ஏ பகுதியில் ஒரு வினாவோடு கால் மணித்தியாலம் மல்லுக்கட்டினால், அது பி பகுதியில் அரை வினாவுக்கு மேற்பட்ட நேரத்தின் விலை.

புள்ளியிடும் திட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தில் விடைக்கு மட்டும் புள்ளி கொடுப்பதில்லை, படிமுறைக்குக் கொடுக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஐந்து ஐந்தாக. 25 புள்ளி வினாவில் முதல் பத்தை எடுப்பது லேசு, கடைசி ஐந்துதான் நேரத்தை விழுங்கும். அதே நேரத்தில், தொடப்படாத ஒரு பெருவினாவில் லேசான ஐந்துகள் ஏழெட்டு சும்மா கிடக்கும்.

ஏன் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறோம் என்றால், பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி நாடு முழுவதுமான சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுத்து, நான்கு தசம தானத்துக்கு வெளியிடுகிறார்கள். 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்று ஆறுதலாகச் சொல்பவர்கள், அந்த மாவட்டத்துக்குள்ளேயே இரண்டாம் தசமத்தில் எத்தனை பிள்ளைகள் வெட்டுப்படுகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை.

ஓரத்தில் எழுதிய நேரம்

முதல் வேலையாக ஒரு முழுக் கடந்தகால வினாத்தாளை, முதலாம் பத்திரத்தை, வகுப்பிலேயே எழுதச் சொன்னேன். வேகமாக எழுது என்றோ, இதை விடு அதை விடு என்றோ எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு வினாவைத் தொடங்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்து ஓரத்தில் பென்சிலால் நேரத்தைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். உண்மையான பரீட்சை போலவே 8.30க்கு வாசிப்பு, 8.40க்கு எழுத்து, 11.40க்குத் தாளை வாங்குவது.

பென்சில் குறிப்புகள் சொன்ன கதை இதுதான். ஏ பகுதி 10.02க்கு முடிந்திருந்தது. அதாவது 82 நிமிடம், புள்ளிக்கணக்குப்படி கிடைக்க வேண்டியதைவிட 37 நிமிடம் கூட. அதிலும் எட்டு வினாக்களுக்கு 51 நிமிடம் போயிருந்தது, மிச்ச 31 நிமிடத்தை இரண்டே வினாக்கள் தின்றிருந்தன. ஒன்று இரண்டாவது வினா, மட்டுச் சமனிலி. வரைபைக் கீறி, அழித்து, திரும்பக் கீறி 14 நிமிடம். திட்டத்தின்படி திருத்திப் பார்த்தால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் 10 புள்ளி வந்துவிட்டது. அடுத்த ஒன்பது நிமிடம் ஒரே ஒரு ஐந்துக்காக. மற்றது ஒன்பதாவது வினா, இரண்டு வட்டங்கள் நிமிர்கோணமாக இடைவெட்டும் நிபந்தனை. 17 நிமிடம் எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டியிருந்தார். கிடைத்தது 5 புள்ளி.

பி பகுதிக்கு மிச்சம் 98 நிமிடம். 11ஆவது வினாவை 28 நிமிடத்தில் முடித்து 125 புள்ளி, 12ஆவதை 24 நிமிடத்தில் முடித்து 95 புள்ளி. 10.54க்கு 15ஆவது வினாவை, தொகையீட்டை, தொட்டார். மணி அடிக்கும் வரை அதிலேயே நின்றார். 46 நிமிடம், 80 புள்ளி. இன்னும் இரண்டு வினாக்கள், 300 புள்ளி, தொடவேயில்லை. ஏ பகுதியில் 185, பி பகுதியில் 300, மொத்தம் 485. நூற்றுக்கு நாற்பத்தெட்டரை. பரீட்சையில் வந்த அதே எஸ் எங்கள் மேசையிலும் வந்து நின்றது.

தொடாமல் விட்ட வினாக்களில் ஒன்று 17ஆவது, திரிகோண கணிதம். மறுநாள் அதை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். 20 நிமிடத்துக்குள் முக்கால்வாசி செய்துவிட்டார். தெரியாத வினா அல்ல. அந்த வினா வரைக்கும் அவர் வந்து சேரவேயில்லை.

விடைத்தாளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்னத்தின் நடுக்கோட்டை அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தார். ஒவ்வொரு விடைக்கும் கீழே இரட்டைக் கோடு, அதுவும் அடிமட்டத்தால். சாதாரண தரத்தில் இந்தச் சுத்தத்துக்காகப் பாராட்டு வாங்கிய பிள்ளை, ஆகவே குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் அடிமட்டத்தைத் தேடி, வைத்து, கீறி, எடுத்து வைப்பது ஒரு பக்கத்துக்கு எத்தனை தடவை நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஏன் இப்படி ஆனது

"மெதுவாக எழுதுகிற பிள்ளை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது உண்மையில்லை. 12ஆவது வினாவை 24 நிமிடத்தில் முடித்தவர் மெதுவான ஆள் இல்லை. ஆழமாகப் போனால் இரண்டு காரணங்கள் தெரிந்தன. இரண்டும் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே இருந்தவை.

முதலாவது, புத்தகம். கடைகளில் கிடைக்கும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளில் நிறைய அலகுவாரியாகப் பிரித்து அச்சிட்டவை. தொகையீட்டு வினாக்கள் ஒரு பக்கம், வட்டம் ஒரு பக்கம் என்று இருக்கும். பாடம் படிக்க அது நல்லது, நானும் அப்படித்தான் பாவிக்கிறேன். ஆனால் இரண்டு வருடமும் அதிலேயே பழகிய பிள்ளை ஏழில் ஐந்தைத் தெரிவுசெய்யும் வேலையை ஒருநாளும் செய்து பார்த்திருக்காது. அலகுப் புத்தகத்தில் ஒரு வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதில் இலாபமே இல்லை, அடுத்ததும் அதே அலகுதான். அங்கே விடாப்பிடியாக நின்று முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒன்பதாவது வினாவில் 17 நிமிடத்தைத் தின்றது.

இரண்டாவது, வீடு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் தொடர்வீட்டில், ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போனால் திரும்பும் வரை தங்கச்சியைப் பார்ப்பதும் தண்ணீர் பிடிப்பதும் இவருடைய பொறுப்பு. பின்னேரம் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கமும் முழுதாகக் கேட்கும். படிக்க முடியாது என்றில்லை, படித்துத்தான் இருக்கிறார். ஆனால் படிப்பு எல்லாம் அரை மணித்தியாலத் துண்டுகள். ஒரு கணக்கு, ஒரு வேலை, இன்னொரு கணக்கு. தொடர்ச்சியாக மூன்று மணித்தியாலம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதியது முதல் தடவைப் பரீட்சையில்தான். அதற்கு முன்னால் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளில் எழுதவில்லையா என்று கேட்டேன். கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாத தவணைகளில் முழுப் பத்திரம் வைக்கவே இல்லையாம்.

நேர முகாமைத்துவம் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாம் மேசை, கதவு, அமைதி மூன்றும் இருக்கிற வீட்டை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. "தினமும் ஒரு முழுப் பத்திரம் எழுது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். எங்கே உட்கார்ந்து?

பிள்ளைக் காம்பரா

வழி காட்டியது அவருடைய அம்மாதான். தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் பேசிச் சாவியை வாங்கிக் கொடுத்தார். அங்கே இருந்த கதிரைகள் எல்லாம் முழங்கால் உயரம், ஆகவே வீட்டிலிருந்து ஒரு மேசையைத் தூக்கிப்போனார்கள். சுவரில் ஆனா ஆவன்னாப் படங்கள். 8.30க்கு உள்ளே போய் 11.40க்கு வெளியே வருவது. முதல் ஞாயிறு முடிந்து வகுப்புக்கு வந்தபோது பிள்ளை சொன்னது கணக்கைப் பற்றி அல்ல: "மூணு மணித்தியாலம் யாரும் என்னக் கூப்பிடாம இருந்தது இதுதான் சேர் முதல் தடவ."

அப்புறம் நேரத்தைப் பிரித்தோம். 27 நிமிடம், நாலரை நிமிடம் என்றெல்லாம் மண்டபத்தில் கணக்குப் பார்க்க முடியாது. ஆகவே கடிகாரத்தில் கண் லேசாகப் போய் நிற்கும் நேரங்களாக மாற்றினோம். ஏ பகுதியை 9.20க்கு விட்டுவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பெருவினாவுக்கும் 25 நிமிடம்: 9.45, 10.10, 10.35, 11.00, 11.25. மிச்சம் 15 நிமிடம் திரும்பிப் பார்க்க, விட்டுப்போன ஐந்துகளைப் பொறுக்க. ஒரு ஊசிக் கடிகாரமும் வாங்கிக் கொண்டார். ஸ்மார்ட் கடிகாரத்தை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள், சுவர்க் கடிகாரம் எல்லா ஆசனத்துக்கும் தெரியும் என்ற நம்பிக்கையும் கிடையாது.

வாசிப்பு நேரம் 10 நிமிடத்தையும் மாற்றினோம். முன்பு முதல் வினாவிலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தார். ஏ பகுதி எப்படியும் முழுவதும் எழுத வேண்டியது, அதை முன்கூட்டி வாசித்து என்ன இலாபம்? வினாத்தாளின் முகப்பிலேயே அந்த நேரம் வினாக்களைத் தெரிவுசெய்யவும் எதை முதலில் எழுதுவது என்று ஒழுங்குபடுத்தவும்தான் என்று போட்டிருக்கிறது. ஆகவே நேரே பி பகுதிக்குப் போவது, ஏழையும் வாசிப்பது, எந்த ஐந்து, எந்த ஒழுங்கு என்று மனதில் போட்டுக்கொள்வது. தொகையீடு எப்போதும் கடைசி. அது அவருக்குப் பிடித்த பாடம், அதனால்தான் கடைசி. பிடித்த வினாவில்தான் ஆட்கள் நேரம் போவது தெரியாமல் நிற்பார்கள்.

விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. "பாதியில விட்டா மனசு அங்கேயே நிக்குது சேர்," என்றார். அது நியாயமான முறைப்பாடு. விடு, விடு என்று சொல்லிக்கொண்டிருப்பதால் அது போகாது. நாங்கள் செய்தது, நின்ற இடத்தில் அடுத்து என்ன செய்ய நினைத்தேன் என்று பென்சிலால் நான்கைந்து சொல் எழுதிவிட்டுப் போவது. "ஆரை கண்டுபிடிக்க", "இங்கே பிரதியீடு" என்பது மாதிரி. ஏ பகுதியில் ஒவ்வொரு வினாவுக்கும் கீழேயே விடை எழுத இடம் இருப்பதால் திரும்பி வருவது லேசு. பி பகுதியில் ஒவ்வொரு வினாவையும் புதுப் பக்கத்தில் தொடங்கினார். அந்த நான்கு சொல் எழுதிவைத்த பிறகு மனம் நிற்பது குறைந்ததாகச் சொன்னார். அடிமட்டத்தை வரைபுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தார்.

சில மாதங்களுக்குப் பிறகு எழுதிய ஒரு பத்திரத்தின் கணக்கு இது. ஏ பகுதி 43 நிமிடம், 170 புள்ளி. முதல் தடவையைவிட 15 குறைவு. பி பகுதியில் ஐந்து வினாக்கள்: 120, 95, 110, 85, 75. மொத்தம் 655. இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளின் வினாத்தாள்கள், கடினம் ஒரே அளவாக இருக்காது, இடையில் படித்ததும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். ஆகவே கூடிய 170 புள்ளியையும் கடிகாரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் ஒரு விடயம் தெளிவு: எந்தத் தனி வினாவிலும் அவர் முன்பைவிடக் கெட்டிக்காரராகிவிடவில்லை. கூடிய புள்ளி பெரும்பாலும் முன்பு வெறுமையாக இருந்த பக்கங்களிலிருந்து வந்தது. ஏ பகுதியில் 15 இழந்ததற்கு முதலில் அழாத குறையாக இருந்தார். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

இந்தியக் காணொளியும் ஏழு வெற்று வட்டங்களும்

பௌதிகவியல் பல்தேர்வுப் பத்திரத்தில் 50 வினா, 2 மணித்தியாலம். வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஒரு பயிற்சித் தாளில் இவர் ஏழு வினாக்களுக்குப் புள்ளடி போடாமலே விட்டிருந்தார். கேட்டால், "நிச்சயமில்லாததத் தொடாதன்னு வீடியோல சொன்னாங்க சேர்." இந்திய மருத்துவ நுழைவுத்தேர்வான நீட்டுக்குத் தமிழ்நாட்டில் நடத்தும் வகுப்பின் காணொளி. அங்கே அது சரியான அறிவுரை: 180 நிமிடத்தில் 180 வினா, சரிக்கு 4, பிழைக்கு 1 வெட்டு. நம்முடைய உயர்தரப் பல்தேர்வில் பிழைக்கு வெட்டு கிடையாது. ஐந்து தெரிவில் இரண்டை நீக்க முடிந்தாலே மூன்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பு வருகிறது. வெறுமையாக விட்டால் நிச்சயமான பூச்சியம்.

கொழும்பிலும் கண்டியிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக எஸ்ஏடி எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு சட்டம். அது இப்போது கணினியில், கணிதம் 44 வினா 70 நிமிடம், இரண்டு பாகம். முதல் பாகத்தின் நேரம் முடிந்தால் அதற்குத் திரும்பிப்போக முடியாது. நாங்கள் கடைசியில் வைத்த 15 நிமிடம் அங்கே செல்லாது. ஆகவே தமிழில் இருக்கிறது என்பதற்காக ஒரு காணொளியின் நேர உபாயத்தைப் பின்பற்றுவதற்கு முன், அது எந்தப் பரீட்சைக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். எங்கள் பௌதிகவியல் பல்தேர்வுக்கு, கடைசி ஐந்து நிமிடத்தில் வெறுமையான எல்லா இலக்கங்களுக்கும் ஏதாவது ஒரு புள்ளடி என்று முடிவானது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

பரீட்சையும் அதற்குப் பிறகும்

பரீட்சைக் காலம் முழுவதும் நகரத்தில் சித்தி வீட்டில் தங்கினார். இதையும் நேர முகாமைத்துவத்தில்தான் சேர்க்க வேண்டும். 8.30க்கு மண்டபத்தில் இருக்க வேண்டிய பிள்ளை தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸை நம்பினால், மண்சரிவோ பஸ் பழுதோ ஒரு காலையைத் தின்றுவிடும். 2024 நவம்பர் 25 தொடங்கிய உயர்தரப் பரீட்சை, மழை வெள்ளத்தால் 27ஆம் திகதி நிறுத்தப்பட்டு டிசம்பர் 4இல்தான் மீண்டும் நடந்தது. அப்படி நாடு முழுவதும் நின்றால் திணைக்களம் நாளை மாற்றித் தரும். ஒரு தோட்டத்துப் பாதை மட்டும் அடைபட்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

பெறுபேற்றில் இணைந்த கணிதம் பி. இரசாயனவியலும் பி. பௌதிகவியல் பழையபடி சி.

அந்த சி-யைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வை முடிக்க முடியாது. பௌதிகவியல் இரண்டாம் பத்திரத்துக்கும் இதே மாதிரி ஓரத்தில் நேரம் குறித்துத்தான் பார்த்தோம். அமைப்புக் கட்டுரை நான்கையும் நேரத்துக்கு முன்பே முடித்திருந்தார், வெற்றுப் பக்கமே இல்லை. புள்ளிதான் இல்லை. வினாக்கள் பரிசோதனைகளைச் சுற்றி வருபவை: வேணியர் இடுக்கியின் பூச்சிய வழு, அழுத்தமானியில் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் கம்பிக் கருவி) சமநிலைப் புள்ளி தேடும்போது என்ன பார்க்க வேண்டும், அளவீட்டை ஏன் திரும்ப எடுக்க வேண்டும். அழுத்தமானியை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒன்று இருந்ததாம், கம்பி அறுந்து அலுமாரிக்குள். கடிகாரம் வைத்துச் சரிசெய்யக்கூடிய இழப்பு ஒரு வகை, இது வேறு வகை. பென்சில் குறிப்புகளின் பெரிய உபயோகம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியதுதான். நேரம் போதாமல் புள்ளி போனது எந்தப் பாடம், நேரம் இருந்தும் புள்ளி போனது எந்தப் பாடம் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் "வேகமா எழுது" என்று சொல்லிக்கொண்டிருந்தால், இந்தப் பிள்ளை பௌதிகவியலை இன்னும் வேகமாகப் பிழையாக எழுதியிருப்பார்.

பிள்ளைக் காம்பராவின் சாவி இப்போது அதே தோட்டத்தில் உயர்தரம் படிக்கும் வேறு மூன்று பேரிடம் சுற்றுகிறது. பெரிய மேசை ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளை அவர்களே பங்குபோட்டுக் கொள்கிறார்கள்.